விக்கலுக்கு ஒரு பிரேக்

“வந்துச்சா?”

“வரலை அத்தான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு மாப்ளே. தொண்டை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கும்.”

“அப்படியெல்லாம் எதுவும் இல்லை அத்தான். நான் நல்லா இருக்கேன்.”

ஒரு மனிதன் தான் நன்றாக இருப்பதாகச் சொன்னதைக் கேட்டு இன்னொரு மனிதன் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தது, அந்த அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிய நாள்முதல் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

உட்கார்ந்தவர் லிஃப்ட் மெக்கானிக். ஹாலின் நடுவே நாற்காலியில், கழுத்தில் துண்டைச் சுற்றி, முடிவெட்டக் காத்திருப்பவர் போல இருந்தவர் அவருடைய மைத்துனர். காலடியில் காலி சோடா பாட்டில்கள் உருண்டு கிடந்தன. ஒரு கால்பந்துக் கோஷ்டியே தாகம் தீர்த்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

மணி மூன்று. நான்கு மணிக்குக் காப்புரிமை வக்கீலம்மா நேரில் வருகிறார். அவர் கண் முன்னால் ஒரு விக்கலை நிறுத்திக் காட்ட வேண்டும். நிறுத்துகிற கருவி தயார். நிறுத்தப்பட வேண்டிய விக்கலைத்தான் காணோம்.

இத்தனைக்கும் மைத்துனருடையது லேசுப்பட்ட விக்கல் இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மூன்றாவது வாய் எடுத்து வைத்தால் ஆரம்பித்துவிடும். கீழ்வீட்டுக்காரர்கள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போய்த் திறந்து பார்ப்பார்கள். ஒருமுறை சினிமாக் கொட்டகையில், கதாநாயகி சாகப்போகிற நேரத்தில் அவர் விக்க, கொட்டகை முழுவதும் சிரித்து, கதாநாயகியே எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று அவர் அக்காள் சொல்வாள்.

அந்த அக்காள்தான் மெக்கானிக்கின் மனைவி. பேச்சில் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள்.

மெக்கானிக்குக்கு யோசனை பிறந்ததும் அந்த விக்கலில்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அது மாடிக்கு மாடி குலுங்கிக் குலுங்கி நின்று போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில், சும்மா கூட வந்த மைத்துனர் விக்கிக்கொண்டிருந்தார். லிஃப்டும் மைத்துனரும் ஒரே தாளத்தில் குலுங்குவதைக் கண்டதும் மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது.

“விக்கல்னா என்ன?” என்று அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார். “உடம்புக்குள்ளே இருக்கிற லிஃப்ட், மாடிக்கு மாடி நின்னு நின்னு போகுது. அவ்வளவுதான். ஒரு பிரேக் போட்டா தீர்ந்துச்சு. எந்த டாக்டரும் இந்தக் கோணத்துல பார்த்ததே இல்லை.”

“அவங்க பார்க்காததுக்கு ஏதாவது காரணம் இருக்கும்ங்க” என்றாள் மனைவி.

அவளுக்கு அனுபவம் உண்டு. அதற்கு முன்னால் அவர் கண்டுபிடித்தது குறட்டையை நிறுத்தும் தொப்பி. போட்டுக்கொண்டு தூங்குகிறவர் குறட்டை விட்டால் தொப்பியில் மணி அடிக்கும். குறட்டை நின்றது உண்மைதான். அந்தக் கட்டடத்தில் யாருமே தூங்கவில்லை என்றால் குறட்டை எங்கிருந்து வரும்? அதற்கும் முன்னால், மாத்திரை சாப்பிடும் நேரத்தில் கத்துகிற செருப்பு. யாரோ ஒருவருடைய சாவுவீட்டு வாசலில் அதைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே விக்கல் பிரேக் என்ற இந்த பெல்ட், விலாவைச் சுற்றிக் கட்டுகிற அகலமான பெல்ட், சாப்பாட்டு மேஜையின் மேல்தான் பிறந்து வளர்ந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையிலிருந்து எடுத்த ரப்பர் பை, லிஃப்ட் கதவிலிருந்து எடுத்த ஸ்பிரிங், கொக்கிகள், திருகுகள், எண்ணெய்க் கிண்ணங்கள். இரண்டு வருஷமாகக் குடும்பம் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சாப்பிட்டது. துணி துவைக்கும் மெஷினின் மேல் தட்டை வைத்து மெக்கானிக்கின் மனைவி சாப்பிடும்போது மெஷின் ஓடினால், ரசித்துச் சாப்பிடுகிறவள் போலத் தலை ஆடும்.

போன வாரம் அவள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். “அந்த வக்கீலம்மா வந்து பார்த்துட்டு, சரின்னா சரி. இல்லைன்னா அன்னைக்கே இந்த மேஜை சாப்பாட்டு மேஜை. பெல்ட்டு, பூட்டு, ஸ்பிரிங் எல்லாம் பழைய இரும்புக்காரர்கிட்ட. அதுக்கப்புறம் நீங்க எதையும் கண்டுபிடிக்கக் கூடாது. தொலைஞ்சுபோன சாவியைக்கூட.”

மெக்கானிக் ஒப்புக்கொண்டார். மேஜைக்காக இல்லை. முப்பது வருஷமாக அவர் கை வைத்த லிஃப்ட் ஒவ்வொன்றிலும், கதவுக்கு மேலே ஒரு பித்தளைத் தகட்டில் யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது. ரிப்பேர் முடிந்ததும் அந்தத் தகட்டைத் துடைத்துவிட்டு வருவது அவர் வழக்கம். ஊரார் பெயரையே துடைத்துத் துடைத்து, சாவதற்குள் ஒரே ஒரு தகட்டிலாவது தன் பெயரைத் துடைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை வந்திருந்தது.

வக்கீலம்மாவிடம் போனில் பேசியபோது அவர் பெருமூச்சு விட்டார்.

“விக்கலா சார்? இதே விக்கலுக்கு ஏற்கெனவே நிறையப் பேர் வந்துட்டாங்க. எல்லாரும் நிக்கும், நிக்கும்னுதான் சொல்றாங்க. ஒருத்தர்கூட நிறுத்திக் காட்டினதில்லை. நான் கண்ணால பார்க்கணும். அப்பதான் மனுப் போடுவேன்.”

“காட்டறேன் மேடம்.”

“இன்னொண்ணு. மனுப் போடற வரைக்கும் வெளியாள் யார் கண்ணுலயும் கருவி படக் கூடாது. பட்டுட்டா அது புதுசு இல்லைன்னு ஆயிடும். அப்புறம் காப்புரிமையை மறந்துட வேண்டியதுதான்.”

“வெளியாள்னா யார் யாரு மேடம்?”

“உங்க குடும்பத்தைத் தவிர எல்லாரும்.”

மெக்கானிக் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டினார். எதிர்வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்தால் பெல்ட்டின் மேல் துணியைப் போட்டு மூடினார். ஊரில் எத்தனை பேர் விக்கினாலும் அவருக்குப் பயன் இல்லை. அவருக்கு வாய்த்த ஒரே நோயாளி, குடும்பத்தைச் சேர்ந்த மைத்துனர்தான்.

அந்த ஒரே நோயாளிதான் இன்று நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி அவர் வாயில் மண்ணைப் போட்டார்.

“எத்தனை நாளா மாப்ளே இப்படி?”

“மூணு வாரமா அத்தான். புதுப் பல்செட் கட்டினேன் இல்லையா, பல் டாக்டர் சொன்னார், அள்ளிப் போட்டு முழுங்காதீங்க, ஒவ்வொரு வாயும் நிதானமா மென்னு சாப்பிடுங்கன்னு. அன்னையிலேருந்து ஒரு விக்கல் இல்லை.” மைத்துனர் புதுப் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தார். “சந்தோஷமான விஷயமாச்சே, நேர்ல சொல்லலாம்னு வச்சிருந்தேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேக்காம நீ எப்படி குணமாகலாம்?”

“தப்புதான் அத்தான்.”

“சரி, பல்லைக் கழட்டு.”

“என்னத்துக்கு?”

“பல் இருந்தாத்தானே மெல்லுவே?”

பல்செட் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் இறங்கியது. மைத்துனரின் கையில் காய்ந்த பன்கள் திணிக்கப்பட்டன. பழையபடி அள்ளிப் போட்டு முழுங்கச் சொன்னார் மெக்கானிக். மைத்துனர் முழுங்கினார். ஊரே பஞ்சத்தில் இருப்பது போல முழுங்கினார். பன்கள் போன இடம் தெரியவில்லை. விக்கல் வரவில்லை. வந்தது ஏப்பம். ஏற்கெனவே உள்ளே போயிருந்த சோடாவும் சேர்ந்துகொண்டதில் ஜன்னலில் கட்டியிருந்த போர்வை அசைந்தது.

“ஏப்பத்துக்கு ஏதாவது மெஷின் இருக்காங்க?” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“நீ சும்மா இரு. பச்சை மிளகாய் இருக்கா?”

“இருக்கு. என்னத்துக்கு?”

“காரம் பட்டா சில பேருக்கு விக்கல் வரும்.”

“அவன் என் தம்பிங்க. எலி இல்லை.”

ஆனாலும் மிளகாய் வந்தது. பல் இல்லாத ஈறால் மைத்துனர் மிளகாயை அரைத்தார். முதலில் காது சிவந்தது. பிறகு மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. யாரையோ பறிகொடுத்தவர் போலக் கேவிக் கேவி அழுதார். அந்தக் கேவலை மெக்கானிக் காதைச் சாய்த்து, ஆசையோடு ஆராய்ந்தார்.

“இதுல ஏதாவது விக்கல் இருக்கா பாரு மாப்ளே.”

மைத்துனர் அழுதபடியே இல்லை என்று தலையாட்டினார்.

அப்போதுதான் காலிங் பெல் அடித்தது. மெக்கானிக் பெல்ட்டின் மேல் துணியைப் போட்டுவிட்டுக் கதவை மூக்களவு திறந்தார். கூரியர்காரர்.

“சார், பார்... ஹிக்... சல்.”

மெக்கானிக்குக்குத் தன் காதுகளை நம்ப முடியவில்லை. “என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு.”

“பார்சல் சார். கையெ... ஹிக்... ழுத்துப் போடணும்.”

எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறார் மெக்கானிக். இப்படி ஒரு சுகத்தைக் கண்டதில்லை. கூரியர்காரரின் மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“உட்காருப்பா. எப்பத்திலேருந்து இப்படி?”

“மத்தியானத்திலேருந்து சார். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

“தண்ணியா? மூச். நாலு மணி வரைக்கும் இப்படியே இரு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கூரியர்காரர் குடும்பம் இல்லையே. வெளியாள். கருவியை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் இரண்டு வருஷ உழைப்பும் போச்சு. மெக்கானிக் யோசித்தார். வெளியாள் பார்க்கக் கூடாது என்றுதானே சட்டம்? கட்டிக்கொள்ளக் கூடாது என்று இல்லையே?

மைத்துனரின் கழுத்திலிருந்த துண்டை உருவினார்.

“ஒண்ணும் பயப்படாதே. கண்ணை மட்டும் கட்டிக்கலாம். அப்புறம் விலாவுல லேசா ஒரு அமுக்கு. அவ்வளவுதான்.”

கூரியர்காரர் ஹாலை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். ஜன்னலுக்கெல்லாம் போர்வை. தரையெல்லாம் பாட்டில். நாற்காலியில் பல் இல்லாமல், கண் சிவந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் ஒரு மனிதர். துண்டு அவர் கண்ணை நெருங்குவதற்குள் அறை கப்சிப் என்று ஆனது.

“என்னப்பா, சத்தத்தையே காணோம்?”

“நின்னுடுச்சு சார்.”

“யாரைக் கேட்டு நின்னுது?”

“பயத்துல சார். என்னை விட்டுடுங்க சார், வீட்டுல சொல்லிட்டு வரலை.”

அடுத்த கணம் கதவு திறந்திருந்தது. கூரியர்காரர் மாடிப்படியில் இறங்கவில்லை, உதிர்ந்தார். அவருடைய பை மட்டும் ஹாலில் கிடந்தது.

மனைவி சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். “பார்த்தீங்களா? ஒரே ஒரு துண்டு. தொடறதுக்குள்ளேயே நின்னுடுச்சு. அதுக்கு வாங்குங்களேன் காப்புரிமை.”

மெக்கானிக்கின் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைத்துனரின் முன்னால் போய்க் குந்தினார்.

“மாப்ளே, நீ கொஞ்சம் நடிக்கணும்.”

“என்னன்னு?”

“விக்கல் வர்ற மாதிரி.”

“பொய் இல்லையா அத்தான்?”

“விக்கல்தான் பொய். பெல்ட் நிஜம். நான் இருமினதும் ஆரம்பி. பெல்ட் க்ளக்னு சத்தம் போட்டதும் நிறுத்திடு. நீதான் இத்தனை வருஷமா விக்கியிருக்கியே, கைவந்த கலை இல்லையா?”

அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டார். வருஷக்கணக்கில் தானாக வந்ததை, மைத்துனர் ஒருநாளும் கவனித்துக் கேட்டதில்லை. முதல் முயற்சி வாத்து போல இருந்தது. இரண்டாவது, எண்ணெய் காணாத கதவு. மூன்றாவதைக் கேட்டு மனைவி ஓடி வந்தாள். “யாருங்க அது, பூனை மேல உட்கார்ந்தது?”

நான்கு மணிக்கு வக்கீலம்மா வந்தார். ஒல்லியான உருவம், பெரிய கண்ணாடி, கறுப்புப் பை. கண்டுபிடிப்பாளர்களைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோன முகம். மைத்துனரைக் கண்டதும் அந்த முகத்தில் இரக்கம் வந்தது.

“பாவம், அழறாரே. அவ்வளவு அவஸ்தையா?”

“முத்திப்போச்சு மேடம்” என்றார் மெக்கானிக். பிறகு இருமினார்.

மைத்துனர் ஆரம்பித்தார். பயத்தில் இந்த முறை ஓரளவு நன்றாகவே வந்தது. வக்கீலம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மைத்துனரைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“விநாடி பிசகாம வருதே. இவ்வளவு ஒழுங்கா ஒரு விக்கலை நான் பார்த்ததில்லை.”

“கட்டுப்பாடான குடும்பம் மேடம்.”

வக்கீலம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார். மறுபடியும் காலிங் பெல். வாசலில் கூரியர்காரர், கூடவே கட்டடத்து வாட்ச்மேன்.

“சார், உள்ளே ஒருத்தரை அழவிட்டு உட்கார வச்சிருக்கீங்கன்னு இவர் சொல்றார். நான் பார்த்தாகணும்.”

“பார்க்கக் கூடாது” என்று மெக்கானிக்கும் வக்கீலம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். அதைக் கேட்டு வாட்ச்மேனின் சந்தேகம் முழு ஆளாக வளர்ந்தது. தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். வக்கீலம்மா மெக்கானிக்கைவிட வேகமாக பெல்ட்டின் மேல் துணியை இழுத்தார்.

“சட்டம் தெரியுமா உங்களுக்கு?” என்றார் வாட்ச்மேனிடம். “இது பதிவாகாத கண்டுபிடிப்பு. இருக்கணும்னா இருங்க. ஆனா சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. ரெண்டு பேரும்.”

சட்டம் என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதையைப் பாருங்கள். வாட்ச்மேனும் கூரியர்காரரும் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் போலச் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

“அழறவர் உயிரோட இருக்காராம்மா?” என்று சுவரைக் கேட்டார் வாட்ச்மேன்.

“இருக்கேன்” என்றார் மைத்துனர், விக்கலுக்கு நடுவே.

மெக்கானிக் துணியை விலக்கி பெல்ட்டை எடுத்தார். முன்பு அதில் எட்டுக் கொக்கிகள் இருந்தன. மாட்டி முடிக்க ஒரு யுகம் ஆகும். இதைக் கட்டி முடிப்பதற்குள் விக்கலுக்கே அலுத்துப்போய் நின்றுவிடுகிறது என்று மனைவி பலமுறை சொல்லியிருந்தாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றாலும், வக்கீலம்மாவை அசத்துவதற்காக நேற்றுக் கொக்கிகளை எடுத்துவிட்டு, லிஃப்ட் கதவின் தாழ்ப்பாளையே பொருத்திவிட்டார். ஒரே அழுத்து. ஸ்பிரிங் பாயும், ரப்பர் பை உப்பும், வேலை முடிந்தது.

பெல்ட் மைத்துனரின் விலாவைச் சுற்றியது.

“க்ளக்.”

மைத்துனர் துள்ளினார். பொய் விக்கல், பேசிவைத்தபடி, கத்தரித்தது போல நின்றது.

வக்கீலம்மாவின் ஓய்ந்த முகத்தில் விளக்குப் போட்டது போல இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“சார்” என்றார். “என் சர்வீஸ்ல முதல் தடவையா...”

“ஹிக்” என்றார் மைத்துனர்.

மெக்கானிக் குனிந்து அவர் காதில் கிசுகிசுத்தார். “போதும் மாப்ளே, முடிஞ்சுது. நிறுத்து.”

“நிறுத்தத்தான் பார்க்கிறேன்... ஹிக்... இது நான் இல்லை அத்தான்.”

“நீ இல்லைன்னா வேற யாரு?”

“அதுவா வருது. ஹிக். நிஜமாவே வருது.”

மெக்கானிக் திருதிருவென விழித்தார். காலையிலிருந்து தவமிருந்த நிஜ விக்கல், சோடாவுக்கு வராதது, பன்னுக்கும் மிளகாய்க்கும் மசியாதது, இப்போது ஏன் வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் லிஃப்ட் சில நேரம் அப்படித்தான். பொத்தானை அழுத்துகிற வரை அழுத்திப் பார்த்துவிட்டு மாடிப்படியில் ஏற ஆரம்பித்த பிறகு வந்து நிற்கும். வந்தவரைக்கும் நல்லது. நிஜ விக்கலையே நிறுத்திக் காட்டிவிடலாம்.

தாழ்ப்பாளைத் திறந்து மறுபடி அழுத்தினார். “க்ளக்.”

“ஹிக் ஹிக்” என்றார் மைத்துனர்.

“ரெட்டையாயிடுச்சேங்க” என்றாள் மனைவி.

“அவன் உடம்புல ஏதோ கோளாறு. சோடா, பன்னு, கண்டதையும் சாப்பிட்டிருக்கான்.” மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றித் தன் விலாவில் மாட்டினார். “இதோ பாருங்க மேடம், எனக்கு விக்கல் இல்லை. இப்ப போட்டா ஒண்ணும் ஆகாது.”

இரண்டு வருஷத்தில், அன்றைக்கு முன்னால், விக்கல் இல்லாத யாரும் அதை மாட்டிக்கொண்டதே இல்லை. நின்றுகொண்டிருக்கிற லிஃப்டுக்கு எந்த மெக்கானிக்காவது பிரேக் போட்டுப் பார்ப்பாரா?

“க்ளக்.”

“பார்த்தீங்களா மேடம், ஒண்ணும் ஆக... ஹிக்.”

வக்கீலம்மா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு மைத்துனரை. இப்போது இரண்டும் வேறு வேறு தாளத்தில் வந்தன.

“இங்கே கொடுங்க” என்றார். வாங்கித் தன் கோட்டுக்கு மேலேயே கட்டிக்கொண்டு, தயங்காமல் தாழ்ப்பாளை அழுத்தினார். “க்ளக்.” எல்லாரும் அவருடைய வாயையே பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து நின்று, கோர்ட்டில் பேசுகிற குரலில் தொடங்கினார்.

“என் அனுபவத்துல இந்த மாதிரிக் கருவியால யாருக்கும் எந்த... ஹிக்.”

“உள்ளே என்ன சார் நடக்குது?” என்று சுவரோடு பேசினார் வாட்ச்மேன். “அழற ஆள் ஒருத்தர்னுதானே சொன்னே, மூணு பேர் சத்தம் கேக்குதே?” கூரியர்காரர் சுவரில் ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார்.

“தண்ணி” என்றார் வக்கீலம்மா.

மெக்கானிக் பதறிப்போய்க் கைக்குக் கிடைத்த டம்ளரை நீட்டினார். வக்கீலம்மா வாயருகே கொண்டுபோனார். டம்ளருக்குள்ளிருந்து ஒரு முழுப் பல் வரிசை அவரைப் பார்த்துச் சிரித்தது. வீல் என்று ஓர் அலறல். அடுத்த தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

“ஹிக்” என்று தொடர்ந்தார் வக்கீலம்மா.

கூரியர்காரருக்கு ஒரு துண்டைக் காட்டியதிலேயே நின்ற விக்கல், வக்கீலம்மாவுக்கு இவ்வளவு பெரிய அதிர்ச்சிக்கும் நிற்கவில்லை. அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, தன் நெஞ்சில் கைவைத்து, அதை என்னவோ போலக் கவனித்தார்.

மெக்கானிக் இதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“மேடம், ஹிக், உண்மையைச் சொல்லிடறேன். இவனுக்கு விக்கலே இல்லை. நடிக்கச் சொன்னேன். என்னென்னவோ செஞ்சு பார்த்தோம், ஒரு விக்கல் வரலை. கடைசியில பார்த்தா இந்த பெல்ட்... ஹிக்... நிறுத்தறதுக்குச் செஞ்சது. இது உண்டாக்குது.”

“தெரியுது சார்” என்றார் வக்கீலம்மா.

“முப்பது வருஷம் ஊரார் பேர் போட்ட தகட்டைத் துடைச்சேன் மேடம். ஹிக். அதுக்குத்தான் கொடுத்து வச்சிருக்குபோல.”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். போய் மேஜையைக் காலி செய்ய ஆரம்பித்தாள். ஸ்பிரிங்குகளையும் கொக்கிகளையும் பெட்டியில் போட்டாள். எண்ணெய்க் கறையை ஈரத்துணியால் தேய்த்தாள். பழைய இரும்புக்காரருக்கு என்று வைத்திருந்த பெட்டி அது. ஆனால் ஒவ்வொன்றையும் கண்ணாடிச் சாமான் போல மெதுவாகத்தான் வைத்தாள்.

“விடுங்க” என்றாள், திரும்பிப் பார்க்காமல். “மெஷின் மேல வச்சுச் சாப்பிட்டும் பழகிடுச்சு. ஒரு ஓரமா வேணும்னா வச்சுக்கங்க.”

“வேண்டாம்மா. சொன்னா சொன்னதுதான். ஹிக்.”

மைத்துனர் தன் பல்லைத் தேடிப் பொருத்திக்கொண்டார். அது ஒவ்வொரு விக்கலுக்கும் டக் டக் என்று தாளம் போட்டது. அவரும் இப்போது உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார்.

அதற்குள் வக்கீலம்மா, பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காலியான மேஜையின் முன்னால் போய் உட்கார்ந்திருந்தார். கறுப்புப் பையைத் திறந்தார். காகிதங்களை எடுத்துப் பரப்பினார். பேனாவைத் திறந்து மும்முரமாக எழுத ஆரம்பித்தார். விக்கலுக்கு விக்கல் பேனா துள்ளி, கையெழுத்து மலையேறி இறங்கியது.

மனைவியின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. “மேடம், எங்க மேல கேஸ் ஏதும் எழுதறீங்களா? இவர் வெகுளிங்க. வேணும்னு செய்யலை.”

“உங்க முழுப் பேர் சொல்லுங்க சார்” என்றார் வக்கீலம்மா, நிமிராமல்.

“எதுக்கு மேடம்?”

“மனுவுல போடத்தான். பெல்ட்டை அந்தத் துணியால மூடுங்க முதல்ல. வெளியாள் ரெண்டு பேர் இருக்காங்க.”

“அதான் ஒரு விக்கலையும் நிறுத்தலையே மேடம். ஹிக். இதை யார் வாங்குவாங்க?”

வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டு, அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

“விக்கலை நிறுத்தற கருவியைத் தூக்கிக்கிட்டு என் ஆபீஸ்ல... ஹிக்... இன்னும் பதினாறு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க சார், ஒருத்தருக்கும் நிறுத்திக் காட்ட ஒரு விக்கல்கூடக் கிடைக்கலை, அத்தனை பேரும்... ஹிக்... முதல்ல உங்க பெல்ட்டைத்தான் வாங்கியாகணும்.”